தோட்டத்துப் பொது மீட்டர்

ஈப்போவில் தண்ணீர் வாரியத்துக் குத்தகைக்காரர் ஒருவரிடம் குழாய் வேலை பார்த்துவந்தேன். தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி இருந்த பழைய ரப்பர்த் தோட்டத்தில் தண்ணீரைத் துண்டிக்க ஒருநாள் என்னை அனுப்பினார்கள். தொழிலாளர்களின் லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டர். அதுவும் தோட்டத்தை விற்றுவிட்டுப் போன கம்பெனியின் பெயரில். அங்கே யாரும் இல்லை என்றார்கள். ஆனால் மீட்டர் சுற்றிக்கொண்டிருந்தது.

கசிவாக இருக்கும் என்று குழாயைத் தொடர்ந்து போனேன். கூரை விழுந்த வீடுகளுக்கு அப்பால், கடைசி வீட்டில் மட்டும் ஓர் அக்கா இருந்தார். வாசல் குழாய் திறந்து கிடக்க, வாளி நிரம்பி வழிந்தது.

"அக்கா, பைப்ப மூடவா? தண்ணி வீணாப் போவுது."

"மூடாத தம்பி. மக குளிக்க வருவா."

வீட்டுக்குள் யாருமில்லை. சுவரில் பள்ளிச் சீருடை அணிந்த ஒரு பெண்ணின் படம் மாலையோடு தொங்கியது.

அக்காவே சொன்னார். முன்பும் ஒருமுறை இங்கே தண்ணீர் நின்றதாம். அப்போது ஆற்றுக்குக் குளிக்கப் போன மகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

"கம்பெனிக்காரன் மாசா மாசம் சம்பளத்துல பிடிச்சான் லா. தண்ணி பில்லு மட்டும் கட்டல."

திருகியை வைத்துக்கொண்டு நின்றேன். இணைப்பை மூடக் கை வரவில்லை. மேற்பார்வையாளரைப் போனில் கூப்பிட்டேன்.

"நெலம் அவங்க பேர்ல இல்ல மச்சான், தனி மீட்டர் கெடைக்காது. பக்கத்துல கோயில் இருக்குல்ல? அவங்க எழுதிக் கொடுத்தா கோயில் மீட்டர்லேருந்து இழுக்கலாம்."

கோயில் தலைவர் உடனே சம்மதித்தார். இரண்டு நாளில் குழாய் பதித்தேன். பிறகுதான் பழைய இணைப்பை மூடினேன். வாசலில் தண்ணீர் சொட்டு சொட்டாகி நின்றபோது அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. புதுக் குழாயில் தண்ணீர் சீறி வந்ததும் அவர் ஆற்றுப் பக்கத்துச் செம்பனை மரங்களைப் பார்த்து மகளைக் கூப்பிட்டார்:

"வந்துருச்சு ஆயி, வா!"

நானும் திரும்பிப் பார்த்தேன்.

சில மாதங்கள் கழித்துக் கோயில் தலைவர் போனில் பேசினார். பில் ஏறிக்கொண்டே போகிறதாம்.

"கொஞ்சம் மூடி வைக்கச் சொல்லுங்கண்ணே."

"அதுக்குத்தான் போனேன். கொழாயடில சோப்பு நொரை. இப்பத்தான் யாரோ குளிச்ச மாதிரி. அக்கா உள்ள காஞ்ச சேலையோட தூங்குறாங்க. நான் மூடல தம்பி. பில்ல நாங்களே பிரிச்சுக் கட்டிக்கிறோம்."