உள்தாழ்ப்பாள்

ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாவில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில், பெண்களுக்கு மட்டுமான பியூட்டி பார்லர் ஒன்றைப் பதினோரு வருடமாக நடத்துகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு சந்தேகப் பிராணி. விலை கேட்காமல் உட்காருகிறவளைக் கண்டால் சந்தேகம், மூன்று தடவை கேட்கிறவளைக் கண்டாலும் சந்தேகம். "நீ போலீஸுக்குப் போயிருக்கோணும், தப்பி இங்க வந்துட்ட" என்பார் என் வீட்டுக்காரர். இத்தனை வருடத்தில் ஒருத்தியின் கம்மல் திருகாணிகூட என் கடையில் காணாமல் போனதில்லை என்றால் அதற்கு என் கண்தான் காரணம் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். ஃபேஷியலுக்கோ வாக்ஸிங்குக்கோ ஒருத்தியைப் படுக்க வைத்தால் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுவோம். வெண்ணந்தூர், ராசிபுரம் பக்கமிருந்து கல்யாணப் பெண்ணைக் கூட்டி வரும் மாமியார்கள் படியேறியதும் முதலில் பார்ப்பது அதைத்தான். "ஆம்பளைங்க நெழலுகூட உள்ள வராதுங்க" என்று சொல்லிச் சொல்லியே வாடிக்கை பிடித்தவள் நான்.

அதனால்தான், போன தை மாதம் ஒரு பெண் புருவம் எடுக்க வந்து, "கதவு தொறந்தே இருக்கட்டுங்க்கா" என்றதும் எனக்குச் சுருக்கென்றது. முப்பது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, கழுத்தில் ஒன்றுமில்லை. பனமரத்துப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாள். வழியில் எத்தனை பார்லர் இருக்கிறது, அத்தனையும் தாண்டி இங்கே எதற்கு?

வெளிச்சமான ஜன்னலோர நாற்காலியைக் காட்டினேன். வேண்டாமென்று வாசலை ஒட்டியதில் உட்கார்ந்தாள். நான் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு வழக்கம்போலத் தலைக்குப் பின்னால் போய் நின்றேன். "பின்னாடி நிக்காதீங்க்கா. முன்னால வாங்க" என்றாள். அவள் பார்வை அடிக்கொரு தரம் படிக்கட்டுக்குப் போய் வந்தது. எவனோ கீழே நிற்கிறான் என்று நினைத்தேன். இல்லையென்றால் எதிர்ச் சாரியில் புதிதாகத் திறந்த பார்லர்க்காரி அனுப்பி வைத்த ஆள். அவள் போனதும் சீப்பு, கத்தரி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஃபேஷியலுக்கு வந்தாள். "கல்யாணமுங்க" என்றாள்.

"யாருக்கு?"

"எனக்குத்தானுங்க."

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பெண் தனியாக வருவதை நான் பார்த்ததில்லை. அத்தை, நங்கை, சித்தி என்று நாலு பேர் சேர்ந்து வந்து, பெண்ணைத் தவிர மற்ற எல்லோரும் பேசுவார்கள். இது நிச்சயம் ஓடிப்போகிற கேஸ், நாளைக்குப் போலீஸ் என் படியேறும் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். கதவு திறந்திருக்கட்டும் என்று மறுபடியும் சொன்னாள். சரி என்று வாய் சொன்னது.

படுத்தாள். படுக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். கிரீம் தேய்த்து, முகத்தில் பேக் பூசி, கண்மேல் பஞ்சு வைத்தேன். அப்போது படிக்கட்டில் ஒரு ஆணின் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்த ஆளாக இருக்கலாம். எனக்கோ, அவளைக் கூட்டிப்போக வந்தவன் என்றுதான் தோன்றியது. பூனை மாதிரி நடந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அவள் அலறவில்லை. படுக்கையிலிருந்து விழுந்து எழுந்து கதவுக்கு ஓடினாள். முகமெல்லாம் பேக், கண்ணைத் திறக்க முடியவில்லை. தாழ்ப்பாள் எங்கே என்று தெரியாமல் கதவை நகத்தால் பிறாண்டினாள். மூச்சு விசில் மாதிரி வந்தது. தோளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். என் கையை அவள் உதறிய வேகத்தில் டிராலி சாய்ந்தது. எப்படியோ திறந்துகொண்டு செருப்பில்லாமல் கீழே இறங்கி ஓடிவிட்டாள்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் பின்னாலேயே ஓடவில்லை. முதலில் பணம் வைக்கும் மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். பிறகு அவள் விட்டுப்போன கைப்பையைத் திறந்து கையை விட்டுத் துழாவினேன். ஒரு தண்ணீர் பாட்டில், கசங்கிய பஸ் டிக்கெட்டுகள், ஒரு கைக்குட்டை. துழாவிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போன் அடித்தது. 'அம்மா' என்று இருந்தது. எடுத்தேன்.

"பாப்பா, முடிஞ்சுதா சாமி?"

"நான் பார்லர்லருந்து பேசறேனுங்க. உங்க பொண்ணு பாதியில எந்திரிச்சு ஓடிருச்சுங்க."

அந்தம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"கதவச் சாத்தீட்டீங்களா?"

அந்தம்மாவே சொன்னார். முதல் புருஷனுக்கு ரிக் வண்டி ஓட்டம். போர்வெல் போட வண்டியோடு வெளிமாநிலம் போகும்போதெல்லாம் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவானாம். ஜன்னல் வழியாகத்தான் சோறு, தண்ணி. ஊருக்கு வந்தால் ஓசைப்படாமல் பின்னால் வந்து நிற்பானாம், இவள் யாரோடாவது பேசுகிறாளா என்று பார்க்க. "மூணு வருசமுங்க. கோர்ட்டுல தீத்துக் கூட்டியாந்தோம். இப்ப வர்ற மாப்பிள்ள நல்லவருங்க. தனியாப் போயிட்டு வாரேன்னு அவளாத்தான் கெளம்புனா, நாங்க ஆரும் கட்டாயப்படுத்துல."

ஒரு குடம் தண்ணீரும் துண்டும் அவள் பையும் செருப்பும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படியில், பாதி காய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மருந்துக் கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு விரட்டு விரட்டிவிட்டுத் தள்ளி நின்றேன். அவளே முகம் கழுவினாள். பையை வாங்கியவள், ஜிப் திறந்திருப்பதைப் பார்த்தாள்.

"தொறந்து பாத்தீங்களாக்கா?"

போன் அடித்தது, அதனால்தான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"பாத்தேன். போன் அடிக்கறதுக்கு முன்னாடியே பாத்தேன். தப்புத்தான் சாமி."

"அவரும் இப்படித்தான் தொறந்து பாப்பாருங்க" என்றாள். அவ்வளவுதான். செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டாள்.

எவனோ ஒருவன் பூட்டினான் என்று கேட்டதும் அவன்மேல் பொங்கிக்கொண்டு வந்ததே, அந்தக் கோபத்துக்கு இப்போது போக இடமில்லை. அவனும் நானும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம்.

மறுநாளிலிருந்து கதவைப் பற்றி வருகிறவர்களையே கேட்க ஆரம்பித்தேன். தொடுவதற்கு முன்னால் எங்கே தொடப் போகிறேன் என்று சொன்னேன். பழைய வாடிக்கைகள், "என்னக்கா, புதுசா ட்ரெய்னிங் கிய்னிங் போயிட்டு வந்தீங்களா?" என்று கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

மாசி முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தம்மா போன் செய்தார். "பாப்பாவுக்கு நீங்களே வந்து மேக்கப் போட்டுடுங்க. அவதான் சொல்றா." எனக்கு உடனே சந்தேகம். சொந்தக்காரர்கள் முன்னால் நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்கத்தான் கூப்பிடுகிறார்களோ? கேட்டால் கேட்டுக்கொள்வது என்று முகூர்த்தத்தன்று அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

வெளிவாசலிலேயே, பந்தல் நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் போய், அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.

"உங்க பெட்டியத் தொறங்க்கா" என்றாள்.

திறந்தேன். என் பிரஷ்ஷை என் தங்கச்சி தொட்டால்கூட வள்ளென்று விழுகிறவள் நான். அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். மூடி கழற்றி மோந்து பார்த்தாள். இது எதற்கு, இது எங்கே போடுவது என்று கேட்டாள். நேரம் ஆகிறது என்று உள்ளிருந்து யாரோ கத்தினார்கள். அவள் அவசரப்படவில்லை. "இது வேண்டாம்" என்று ஒன்றைத் தள்ளி வைத்தாள். "இதுவும் வேண்டாம்." நான் வெளிநாட்டிலிருந்து சொல்லி வரவழைத்த ஃபவுண்டேஷனும் அந்தப் பக்கம் போனது. வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

"அய்யோ, அக்கா கோவிச்சுக்குவாங்க பாப்பா" என்றார் அந்தம்மா.

"கோவிச்சுக்கட்டுமே" என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே.

தள்ளி வைத்ததையெல்லாம் பெட்டிக்குள் போட்டு மூடினேன். பாயில் ஒரு பவுடர், ஒரு கண்மை, ஒரு பிரஷ் மிஞ்சியது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்பத் தொடுங்க்கா" என்றாள்.