ஒரு பூதானே, சஃபியா

பல்லடம் பக்கத்து மகளிர் கல்லூரி ஒன்றில் சாய்ப்ரியா பதினாறு வருடமாக உலக வரலாறு நடத்துகிறார். அவருக்குப் பிடித்த பாடம் ரோமாபுரி. ரோமர்கள் வீட்டுத் தெய்வங்களுக்குச் சின்ன மாடம் வைத்து, சாப்பாட்டில் ஒரு பங்கை அவற்றுக்குப் படைத்ததைச் சொன்னால், "எங்கூட்லயும் அப்படித்தானுங்க மேடம்!" என்று மாணவிகள் குரல் கொடுப்பார்கள்.

போன வருடம் நிறுவனர் நாள் விழாவுக்கு அவர்தான் பொறுப்பு. நிறுவனர் சிலைக்குக் கற்பூரம் காட்டியதும் ஊழியர்கள் வரிசையாகப் போய்ப் பூப் போட வேண்டும். நூலக உதவியாளர் சஃபியா வருடா வருடம் ஓரமாகக் கைகட்டி மரியாதையாக நின்றுவிட்டுப் போய்விடுவார். யாரும் கேட்டதில்லை. அன்று முன்வரிசையில் இருந்த புதிய செயலாளர் கேட்டார்.

"அந்தம்மா ஏன் வரலீங்க?"

சாய்ப்ரியா பதறிப் போய் சஃபியாவிடம் ஓடினார்.

"வாங்க சஃபியா, ஒரு பூதானே."

"அய்யா மேல மரியாதை இருக்குதுங்க மேடம். ஆனா சிலைக்குப் பூப் போடறது எங்களுக்கு வழக்கமில்லீங்க."

"மனசுல என்ன வேணா நெனச்சுக்குங்க. யாரு கேக்கப் போறாங்க? போட்டுட்டு வந்துருங்க."

சொல்லிக்கொண்டே சஃபியாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போனார். சஃபியா பூவைப் போட்டார். செயலாளர் தலையசைத்தார். சாய்ப்ரியாவுக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

விழா முடிந்த நான்காம் நாள் வகுப்பில் ரோமர்களின் பொது வழிபாடு. பேரரசர் உருவத்தின் முன் சாம்பிராணி போட மறுத்த கிறிஸ்தவர்களை ஆளுநர்கள் விசாரித்த இடம்.

"அவங்க மனசுல என்ன இருக்குதுன்னு ஆளுநருக்குப் பெருசாக் கவலையில்ல. நாலு பேரு பாக்க ஒரு சிட்டிகை போட்டாப் போதும். போட்டுட்டுப் போயிருன்னு..."

விழாவில் பூத்தட்டு ஏந்தி நின்ற நவ்யா முதல் பெஞ்சில் இருந்தாள். அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். சாய்ப்ரியாவுக்குக் காது மடல் வரை சுட்டது. பத்து நிமிடம் முன்னதாகவே வகுப்பை முடித்துவிட்டார்.

நேராக நூலகத்துக்குப் போனார். "நான் பண்ணினது தப்புங்க சஃபியா. மன்னிச்சுருங்க."

சஃபியா புத்தகத்தில் முத்திரை குத்துவதை நிறுத்தவில்லை. "பூவ விடுங்க மேடம். அதை நான் தொழுகையில அல்லாகிட்டச் சொல்லிக்கிட்டேனுங்க. அத்தன பேரு முன்னால கையப் புடிச்சு இழுத்தீங்களே, அதைத்தான் யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியலீங்க."

அடுத்த ஊழியர் கூட்டத்தில் சாய்ப்ரியா எழுந்து, தான் செய்ததை மறைக்காமல் சொன்னார். இனி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார். செயலாளர் வாங்கிக்கொண்டார், விழாப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றினார்.

இந்த வருட விழாவில் சஃபியா பழையபடி ஓரமாக நின்றார். யாரும் கூப்பிடவில்லை. பக்கத்தில் போய் நிற்கலாமா என்று சாய்ப்ரியா இரண்டு தடவை எழுந்தார். அந்த முகத்தைப் பார்க்கும் துணிவு வரவில்லை. கடைசி வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டார்.