அர்ச்சனைச் சீட்டும் பதினேழு மிஸ்டு காலும்

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குள் என் மனைவி செல்விக்குப் பதினேழு முறை போன் செய்துவிட்டேன். எடுக்கவில்லை. மருத்துவமனையில் தாதி வேலை; நோயாளியைப் பார்ப்பாளா, என் போனைப் பார்ப்பாளா? என் மனத்திலோ அவளுக்குக் கருமாதியே முடிந்துவிட்டது. நான் வேலை செய்யும் மலேசியக் கிள்ளான் கிடங்கில், சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தோடு அவள் வார்டுக்குள் ஓடினேன்.

"செல்வி! உயிரோட இருக்கியா?"

படுத்திருந்த நோயாளிகளெல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். நீங்கள் சிரிக்கலாம். அவள் சிரிக்கவில்லை. நான் அப்படி ஓடிவந்தது அது நான்காவது முறை. மேலதிகாரி அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அன்று மாலையே எங்கள் மகளோடு ரவாங்கில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"வேலையிலயும் நீங்க, வீட்லயும் நீங்க. எனக்கு மூச்சு முட்டுதுங்க."

எனக்கு ஆறு வயதில், லோரி ஓட்டப் போன அப்பா திரும்பி வரவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்புவார்கள் என்று அதன்பின் நான் நம்பியதே இல்லை. அவள் போனபின், இனி இருந்து என்ன என்று தோன்றிய நாட்களும் உண்டு. அதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

தினமும் முருகன் கோயிலில் செல்வி பெயரில் அர்ச்சனை செய்தேன். சீட்டைப் படமெடுத்து உடனே அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பக்தியாம்! பன்னிரண்டாம் நாள் குருக்கள் பார்த்துவிட்டார்.

"அண்ணே, முருகன்கிட்ட சொல்லியாச்சுல்ல? அப்புறம் அவங்களுக்கு எதுக்கு ரசீது? அவன் மேல நம்பிக்கை இல்லையா?"

சன்னிதியிலேயே அழுதுவிட்டேன். அவளைக் கொண்டு வா என்று கேட்பதை நிறுத்தினேன். "அவ பதில் சொல்லாத நேரத்துல நீ என்கூட இரு" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் போனை லாக்கரில் பூட்டிவிட்டு வேலைக்கு ஏறினேன். கை நடுங்கியது. ஒவ்வொரு சுமையைத் தூக்கும்போதும் "முருகா" என்றேன்.

"என்ன பாஸ், மிஷின்தானே தூக்குது லா!" என்றான் கூட வேலை செய்பவன்.

அவளுக்குப் போனும் செய்யாமல், சீட்டும் அனுப்பாமல் இருபது நாள் அப்படியே போனது. அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இருபத்தோராம் நாள் லாக்கரைத் திறந்தால், செல்வியின் மிஸ்டு கால். திருப்பி அழைத்தேன்.

"உயிரோட இருக்கீங்களா?" என்றாள்.

பொங்கலுக்கு முன் மகளோடு வந்துவிட்டாள். போன் இன்றும் லாக்கரில்தான். கை இன்றும் நடுங்குகிறது. உங்களுக்கும் நடுங்கினால் முருகனைக் கூப்பிடுங்கள். உடனே பதில் வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதுவரை உங்களை விட்டுப் போகமாட்டான்.