நாங்கள் விற்காத தையல் மிஷின்

பேய், காற்று, கருப்பு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய் டீ குடிக்கிற ஆள் நான். கம்பெனியில் நைட் ஷிப்ட் என்றாலே இந்தக் கதைகள்தான் ஓடும், நான் நடுவில் புகுந்து கிண்டல் பண்ணி எல்லாருடைய வாயையும் அடைத்துவிடுவேன். இப்போது நானே ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். நீங்கள் உள்ளுக்குள் சிரிப்பீர்கள், தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எனக்கு ஊர் நகரி. பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தவன், ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் வந்ததும் ஊரில் பாதிப் பேரைப் போல நானும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டேன். என் மனைவி செல்வி அதுவரை வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள், அக்கம்பக்கத்தில் அவள் தையலுக்கு நல்ல பெயர். அவளுக்கும் அங்கே வேலை கிடைத்ததும் மிஷின் சும்மா கிடந்தது. காலால் மிதிக்கிற பழைய மிஷின், கல்யாணத்துக்கு அவளுடைய நைனா வாங்கிக் கொடுத்தது. எங்களுக்கு இருப்பதே ஒரு ரூம், அதில் ஃப்ரிட்ஜ் வைக்க இடம் வேண்டியிருந்தது. "வித்துடு" என்று செல்விதான் சொன்னாள், ஆனால் நான் போனில் போட்டோ எடுக்கும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பழைய சாமான் விற்கிற ஆப்பில் போட்டேன். அப்பப்பா, அதில் வருகிற ஆட்களைப் பற்றியே தனியாக ஒரு நாள் பேசலாம். "லாஸ்ட் எவ்ளோ" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவன், சாயங்காலம் வண்டியோடு வருகிறேன் யாருக்கும் கொடுக்காதே என்று சத்தியம் பண்ணிவிட்டு போனை ஆஃப் செய்கிறவன், ராணுவத்தில் இருக்கிறேன் என்று ஒரு கட்டம் போட்ட படத்தை அனுப்பி இதை ஸ்கேன் பண்ணுங்கள் பணம் வரும் என்கிறவன், பண்ணினால் நம் பணம் போய்விடும். விற்கிறவனுக்குத்தான் பயம், வாங்குகிறவனுக்கு ஒன்றும் இல்லை.

அப்படி வந்தவள்தான் சுகுணா. சூளூர்பேட்டை என்றாள், வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர், மாமியார் வீட்டில் கையேந்தாமல் சொந்தமாகத் தைத்துப் பிழைக்க வேண்டும் என்றாள். பேரமே பேசவில்லை. "சீட்டுப் பணம் வரணும் அண்ணா, வந்த உடனே நானே ஆளு வெச்சு எடுத்துக்கிறேன், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றாள். குரலில் ஒரு உண்மை இருந்தது. புத்தூரிலிருந்து ஒரு டெய்லர் கையில் பணத்தோடு வந்தபோதுகூட, புக் ஆகிவிட்டது என்று திருப்பி அனுப்பினேன். செல்வி என்னை முறைத்தாள்.

நாள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆளும் வரவில்லை, பணமும் வரவில்லை. மெசேஜ் போட்டால் பார்க்கிறாள், பதில் இல்லை. சரி, இவளும் அந்தக் கூட்டம்தான் என்று முடிவு செய்து விளம்பரத்தைத் திரும்பப் போடலாம் என்று இருந்தபோது ஒரு மெசேஜ் வந்தது. 'அண்ணா, மிஷின் நல்லா ஓடுது, ரொம்ப தேங்க்ஸ். டிராயர் மட்டும் டைட்டா இருந்துச்சு, சோப்பு தேச்சேன், சரியா போச்சு.'

நான் திரும்பிப் பார்த்தேன். மிஷின் சுவரோரமாக அப்படியே இருக்கிறது.

கூட வேலை செய்கிறவனிடம் காட்டினேன். "புது ஃபிராடுடா, பிளாக் பண்ணிடு" என்றான். பண்ணியிருப்பேன். ஆனால் அந்த டிராயர் விஷயம் மண்டையைக் குடைந்தது. எங்கள் மிஷினில் டிராயர் இறுகிக்கொள்ளும், மழைக்காலத்தில் செல்வி சோப்புதான் தேய்ப்பாள். விளம்பரத்தில் நான் அதை எழுதவில்லை, எழுதினால் யார் வாங்குவார்கள்? போட்டோவும் முன்பக்கம் ஒன்றே ஒன்றுதான். செல்வியிடம் சொன்னால் அவள் வேறு வழியில் போனாள்.

"சூளூர்பேட்டைல எவ அவ? நம்ம வீட்டு டிராயர் டைட்டுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லாம தெரியுமா?"



அதனால் ஒரு சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஏறாமல், ஷேர் ஆட்டோ பிடித்துத் தடா வந்து, அங்கிருந்து பஸ்ஸில் சூளூர்பேட்டையில் போய் இறங்கினேன். கோபம் கொஞ்சம்தான். இதில் என்ன தந்திரம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் அதிகம். போன் செய்தேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருமுனையில் வந்து நின்று கையாட்டினாள். இருபத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

"ரண்டி அண்ணா, வாங்க வாங்க. இன்னிக்காச்சும் டீ குடிச்சிட்டுப் போங்க. அன்னிக்கு மிஷினை இறக்கி வெச்சதும் தண்ணி கூட வேணாம்னு ஓடிட்டீங்களே."

நான் அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நம்பினால் நம்புங்கள், அந்தத் தெருவில் என் கால் அதுவரை பட்டதில்லை.

"அன்னிக்குன்னா? யாரும்மா வந்தது?"

"இன்னா அண்ணா வெளாடறீங்களா? நீங்கதான். இதே சட்டைதான் போட்டுகினு வந்தீங்க. பணத்தை உங்க கையிலதானே குடுத்தேன்?"

கம்பெனியில் கொடுத்த நீலச் சட்டை அது, எங்களில் எத்தனையோ பேர் போடுவது. யாரோ ஒருவன் என் பெயரைச் சொல்லி இவளுக்கு ஏதோ ஒரு மிஷினை விற்றுவிட்டுப் போயிருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மட்டும் உண்மையாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் போனேன். ஜன்னலோரம், நல்ல வெயில் வெளிச்சத்தில், மிஷின் இருந்தது. பலகையின் பின் ஓரத்தில், செல்வி பால் பொங்கும் அவசரத்தில் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடியதால் வந்த முக்கோணக் கறுப்புத் தழும்பு. டிராயரின் கைப்பிடி உடைந்த இடத்தில் நான் தறியிலிருந்து கொண்டுவந்து கட்டிய சிவப்பு நைலான் கயிறு. முடிச்சுகூட என் முடிச்சு, நெசவுக்காரன் போடுகிற முடிச்சு வேறு மாதிரி இருக்கும். தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இரும்பு, எண்ணெய் வாசனை.

செல்விக்குப் போன் போட்டேன்.

"மிஷின் வீட்ல இருக்குதா?"

"இல்லாம எங்க போவும்? துணி போட்டு மூடி வெச்சிருக்கேன்."

"துணியை எடுத்துப் பாரு."

"இருக்குதுய்யா. என் கண்ணு முன்னாடிதான் இருக்குது. நீ எங்க இருக்கறே மொதல்ல?"

எனக்கு எப்படி அந்த எண்ணம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "சக்கரத்தைக் கையால ஒரு சுத்து சுத்தேன்" என்றேன். செல்வி ஏதோ திட்டினாள். திட்டிக்கொண்டே சுற்றியிருக்க வேண்டும், போனில் அந்தக் கடகட சத்தம் கேட்டது. என் முன்னால் இருந்த சக்கரம், யாரும் தொடாமல், மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

சுகுணா அடுப்பங்கரையிலிருந்து டீயோடு வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, என்னவோ பூனை குறுக்கே போனதைப் போலச் சொன்னாள். "அது அப்பப்போ அப்படித்தான் அண்ணா சுத்தும். பழைய மிஷின் இல்லே, காத்துக்கு."

டீ குடித்தேன். அவள் தைத்து முடித்த ஜாக்கெட்டுகளை எடுத்துக் காட்டினாள், மாமியார் இப்போதெல்லாம் மரியாதையாகப் பேசுவதாகச் சொல்லிச் சிரித்தாள். பணத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பது? அவள் என் கையில் கொடுத்துவிட்டேன் என்கிறாள், கண்ணைப் பார்த்தால் பொய் தெரியவில்லை. எனக்குப் பணம் வரவில்லை, ஆனால் என் மிஷினும் என்னை விட்டுப் போகவில்லை. என்ன கேட்டு நான் சண்டை போடுவது, சொல்லுங்கள். போலீசுக்குப் போனால் யாரைத் திருடன் என்று காட்டுவேன்?

நகரி வந்து சேர்ந்து செல்வியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. தலையிலடித்துச் சத்தியம் செய்தேன், அதற்கும் நம்பவில்லை, தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு "துன்னு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அப்போதுதான் மிஷின் ஓட ஆரம்பித்தது. சக்கரம் சுற்ற, பெல்ட் ஓட, கீழே மிதிபலகை மேலும் கீழும் ஆட, நூல் கோக்காத ஊசி டக்டக்கென்று இறங்கி ஏறியது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பயத்தில் கதவைத் திறந்து வைத்தேன், ஓடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று. ஆனால் அவள் ஓடவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"நீளமா போவுது பாரு. புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறா."

செல்வி என் போனைப் பிடுங்கி சுகுணாவுக்கு அடித்தாள். மிஷின் நின்றது. "ஒண்ணும் இல்லம்மா, நான் அவரு வீட்டுக்காரி. மிஷின் நல்லா இருக்குதான்னு கேக்கலாம்னுதான். இப்ப இன்னா தச்சுகினு இருக்கே?"

"பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அண்ணி, அர்ஜென்ட்டு" என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் பழகிவிட்டோம், அதுதான் இதில் பெரிய ஆச்சரியம். சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே அது ஓடுவதைப் பார்ப்போம். செல்வி சத்தத்தை வைத்தே சொல்லுவாள், இப்போது ஜாக்கெட்டுக்குக் கை வைக்கிறாள், இப்போது கொக்கிப் பட்டி, இப்போது தப்பாக அடித்துவிட்டுப் பிரிக்கிறாள். இரண்டு பேரும் போனில் நல்ல சிநேகிதம் ஆகிவிட்டார்கள். சுகுணாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண் மிஷினைத் தொடமாட்டாள், அவள் பிழைப்பே அதில்தான். சங்கராந்தி சமயத்தில் எங்கள் வீட்டில் மிஷின் ஓயாமல் ஓடியது, அவளுக்கு நல்ல வேலை வந்திருக்கிறது என்று எங்களுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஃப்ரிட்ஜ் வாங்கவில்லை. இதை யாருக்கு விற்பது, எதைச் சொல்லி விற்பது?

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன்.

சுகுணாவின் வீட்டுக்காரர் லீவில் வந்துபோனார், அவள் உண்டானாள். வயிறு பெரிதானதும் மிதிக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டிலும் மிஷின் குறைந்து குறைந்து நின்றுவிட்டது. பிறகு ஒரு நாள் நல்ல பகலில் திரும்ப ஓடியது. முதலில் செல்வி, "பாவம், மாசமா இருக்கறவ, எதுக்கு இப்படி இழுத்துப் போட்டுக்கறா" என்றுதான் சொன்னாள். கொஞ்ச நேரம் கேட்டவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது சுகுணா கை இல்லே. அவ நிறுத்தி நிறுத்தி அடிப்பா. இது மூச்சு விடாம போவுது."

உடனே போன் போட்டாள். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது, மறுமுனையில் சுகுணா பேசினாள். "நான் வடமாலபேட்டைல அம்மா வீட்ல இருக்கேன் அண்ணி, பிரசவத்துக்கு வந்துட்டேன். வீடு பூட்டித்தான் இருக்குது. மாமியார் நேத்துதான் போய்ப் பார்த்துகினு வந்தாங்க, மிஷின் மேல தூசு ஏறிப் போயிருக்குதாம். ஏன் அண்ணி? அங்க யாரு தைக்கிறாங்க, சத்தம் கேக்குது?"

செல்வி போனை வைத்துவிட்டாள். அன்றே ஊசியைக் கழற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள், ஊசி இறங்குகிற இடத்தில் ஒரு துண்டு வெள்ளைத் துணியை வைத்து, துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தை இறக்கிவிட்டாள், மேலே பழைய புடவையைப் போட்டு மூடினாள். அது நிற்கவில்லை. மூடிய புடவைக்குள்ளேயே ஓடும், நிற்கும், ஓடும்.

போன வாரம் புடவையை விலக்கி அந்த வெள்ளைத் துண்டை எடுத்துப் பார்த்தோம். ஊசி இல்லாத மிஷின், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். துணியில் பொடிப் பொடியாகத் துளைகள், ஒன்றுக்கொன்று இம்மியும் விலகாமல், வட்டமாக வளைந்து வந்து சேர்ந்திருந்தன. நான் அது என்ன என்று கேட்டேன். செல்வி துணியை உள்ளங்கையில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"கழுத்து" என்றாள். "பொறந்த கொழந்தைக்குத் தைக்கிற சட்டையோட கழுத்து."

சுகுணாவுக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை.