அம்மா இல்லாத சாமை அறுப்பு

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது நர்சம்மாதான். அதனால் அந்த வருஷம் சாமை அறுப்பு முடியும்வரை உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத ஆள் அவர்தான்.

அம்மாவுக்கு நிறைமாதம். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு அப்போது வண்டிப்பாதை கிடையாது. நர்சம்மா ஸ்கூட்டியை ஓடைக்கரையில் விட்டுவிட்டு நடந்தே ஏறி வந்தார். பிரசவம் நெருங்கிய மலைப் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்குவதற்கென்று அரசு ஆஸ்பத்திரியில் ஓர் அறை கட்டியிருந்தார்கள்.

"வலி வந்தப்பறம் தூக்கினு ஓடறதுக்கா? இப்பவே வந்துடும்மா" என்றார்.

"சாமை அறுக்காம கெடக்குதுங்க. ஆட்ட யாரு பாப்பாங்க?" என்றாள் அம்மா.

தாய்வீட்டுக்குப் போகக்கூட அம்மாவை லேசில் விடாத அப்பா, அன்று ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "நான் பாத்துக்கறேன், கெளம்பு" என்று துணிமூட்டையை அவரே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். எனக்கு அது பெரிய துரோகமாகப் பட்டது.

அப்பா கிண்டிய களி கட்டி கட்டியாக இருந்தது. அம்மாவின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டுதான் படுப்பேன். அதில் அவள் வாசனை குறையக் குறைய, முகத்தை இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொள்வேன்.

சந்தைக்குப் போன அன்று அப்பா என்னையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அம்மா அழுதுகொண்டிருப்பாள் என்று நம்பிப் போனேன். அவளோ மற்ற கர்ப்பிணிகளோடு கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, அவித்த முட்டையைத் தின்றுகொண்டே எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் அப்படி உட்கார்ந்து தின்று நான் பார்த்ததே இல்லை.

"வூட்டுக்கு வா" என்றேன்.

"பாப்பா பொறந்ததும் வந்துர்றேன், கண்ணு." மீதி முட்டையை எனக்கு ஊட்டினாள். துப்பிவிடத்தான் நினைத்தேன். முட்டையாயிற்றே, விழுங்கிவிட்டேன்.

திரும்பும்போது அழுத என்னை அப்பா தோளில் ஏற்றிக்கொண்டார். பாதி மலையில் ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அவருக்கும் அம்மா நினைப்பு வந்துவிட்டது என்று எண்ணி, "அம்மா வந்துரும்பா" என்று தேற்றினேன்.

"வரணும்" என்றார்.

வந்தாள். தம்பியை நர்சம்மா தூக்கிக்கொள்ள, மெல்ல ஏறி வந்தாள். நான் நர்சம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து, நானே நிறைமாதமாக அந்த அறைக்குக் கிளம்பியபோதுதான் அப்பா சொன்னார். அவருக்கு ஒரு தங்கை இருந்தாளாம். நான் பிறப்பதற்கு முன்பே, பிரசவ வலியில் துடித்தவளை டோலி கட்டித் தூக்கிப் போயிருக்கிறார்கள். தோள் மாற்றிக்கொள்ள அந்தப் புளியமரத்தடியில் இறக்கி வைத்த டோலியை, அதற்குமேல் கீழே கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை.