வெடித்த மெனிபோல்டும் மூன்று விலைமனுக்களும்

என் மனைவியின் கண்ணில் வெண்புரை எடுப்பதற்கு வவுனியாவில் நாள் கொடுத்த அதே கிழமைதான் எங்கள் கார் கத்தத் தொடங்கியது. பத்து மாதம் காத்திருந்து கிடைத்த நாள். ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும். தவறினால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். வரிசை என்ன வேகத்தில் நகரும் என்பது எனக்குத் தெரியும். முப்பத்துநான்கு வருடம் அரசாங்க அலுவலகத்தில் வரிசையின் மறுபக்கத்தில் இருந்தவன் நான்.

மனைவிக்கு அப்போது எல்லாமே மங்கலாகவும் இரண்டாகவும் தெரிந்தது.

“உங்களை ஒராளா வைச்சுச் சமாளிக்கிறதே பெரும் பாடு. இப்ப ரெண்டு பேர் நிக்கிறியள்” என்பாள்.

கையில் பன்னிரண்டு நாள் இருந்தது. காரை நானே மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எங்கள் உருத்திரபுரத்தில் கார் வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நான் வருவதை அரைக் கட்டைத் தூரத்திலேயே கேட்டுவிட்டு வாசலில் நின்றார்.

“உழவு மெசினாக்கும் எண்டு நினைச்சன். சேரே?”

காரின் முன்மூடியைத் திறந்தார். எஞ்சினின் நான்கு வாய்களிலிருந்தும் வரும் புகையை ஒன்றாகச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புத் துண்டுக்கு மெனிபோல்ட் என்று பெயர். அதுதான் வெடித்திருந்தது.

“ரெண்டு வழி இருக்கு சேர். ஒண்டு, இதைக் கழட்டிச் சூடாக்கி ஒட்டுறது. ஒட்டிப்போட்டு உமிச் சாம்பலுக்கை தாட்டு வைச்சிடுவன். ஒரு இரவு கிடந்து மெல்ல ஆறோணும். கெதியா ஆறினா திரும்ப வெடிக்கும். மற்றது, இதுக்குப் பதிலா ஹெடர் பூட்டுறது. நாலு நீளக் குழாய், பளபளவெண்டு இருக்கும். வெளிநாட்டுச் சாமான். எனக்கு அதிலை விருப்பமில்லை.”

“ஏன்?”

“அது ரேஸ் ஓடுற ஆக்களுக்கு. சேர் நாப்பதுக்கு மேலை ஓடி நான் காணேல்லை.”

அங்கேயே ‘ஒட்டும்’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் மூன்று விலைமனு இல்லாமல் நான் என் வாழ்நாளில் எதையும் செய்வித்ததில்லை. ஒட்டுவதற்கு மூன்று விலைமனு, மூடிய உறையில், வேண்டும் என்றேன்.

“மற்ற ரெண்டு பேரும் ஆர் சேர்?”

“அது என்ரை வேலையில்லை.”

அடுத்த நாள் காலை அவர் மூன்று உறையோடு வந்தார். மூன்றும் அவர் எழுதியவை. ஒன்று நீல மையில், ஒன்று கறுப்பில், ஒன்று சிவப்பில். கறுப்பு மைக்காரர் ஒரு மாதம் தவணை கேட்டிருந்தார். சிவப்பு மைக்காரர் இந்த வேலையில் தனக்கு முன் அனுபவம் இல்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார். நீல மைக்காரர் ஒரு நாளில் முடிப்பதாக எழுதியிருந்தார். ஒழுங்கான கோவை. எனக்குத் திருப்திதான்.

“ஒட்டு எத்தினை வருஷம் நிக்குமெண்டு எழுதித் தாரும்.”

“சேர், நான் எத்தினை வருஷம் நிப்பனெண்டே எனக்கு ஆரும் எழுதித் தரேல்லை.”

வவுனியாவில் ஹெடர் விற்கும் கடையோ, கேட்டவுடனேயே உத்தரவாத அட்டையைப் படம் பிடித்து அனுப்பியது. அச்சடித்த அட்டை, சுற்றிவரத் தங்கக் கரை, இரண்டு வருடம். நான் ஹெடருக்குச் சொல்லிவிட்டேன்.

மனைவி குசினிக்குள் இருந்து கேட்டாள்: “ஒட்டுறதெண்டா ஒரு நாளிலை முடியுமெண்டெல்லே அந்தாள் சொல்லுது?”

“எழுத்திலை ஒண்டும் இல்லை.”

“என்ரை கண் தெளியுமெண்டும் ஒருத்தரும் எழுத்திலை தரேல்லை. ஆஸ்பத்திரித் துண்டிலை திகதி மட்டும்தான் கிடக்கு. அதைக் கொஞ்சம் நினைவிலை வைச்சிருங்கோ.”

புதிய பொருள் வந்து சேரும் முன் பழையதைப் பாவனைக்கு உதவாதென்று முறைப்படி கழிக்கவேண்டும். கழிப்பதற்கு மூன்று பேர் கொண்ட சபை வேண்டும். நான் தலைவர், மெக்கானிக் தொழில்நுட்ப உறுப்பினர், மனைவி மூன்றாவது உறுப்பினர். கழற்றிய மெனிபோல்டை சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து வைத்தோம். மனைவி அதன்மேல் விரலை ஓட்டினாள்.

“ரெண்டு இடத்திலை வெடிச்சிருக்கு.”

நான் கண்ணாடி போட்டு, டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது.

“உமக்கு எல்லாமே ரெண்டாத்தானே தெரியுது.”

“நான் கண்ணாலை பாக்கேல்லையப்பா. விரலாலை பாத்தனான்.”

மெக்கானிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘வெடிப்பு: ஒன்று’ என்று அறிக்கையில் எழுதி, மூன்றாவது உறுப்பினரின் மாற்றுக் கருத்தைக் கீழே குறித்தேன். பிறகு வெள்ளைப் பெயின்றால் மெனிபோல்டில் ‘கழிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

பழைய இரும்பு எடுக்கும் லொறி வந்தது. முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. கண்டாவளையில் இரும்பு சேர்க்கிறார். நான் கொடுத்த கடிதத்தை ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு வாசித்தார். விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படமாட்டாது. வாங்குபவர் அதை உருக்குவதற்கன்றி வேறெதற்கும் எவருக்கும் கொடுக்கலாகாது. சந்தோஷமாகக் கையெழுத்து வைத்தார்.

“இருவது வருஷமா இரும்பு எடுக்கிறன் சேர். கடிதத்தோட வந்த இரும்பு இதுதான்.”

ஹெடர் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் பார்சலாக வந்தது. நாதஸ்வரக் கோஷ்டி ஒன்று தங்கள் வாத்தியங்களை ஒன்றாகக் கட்டி வைத்ததுபோல் மின்னியது. மெக்கானிக் அரை நாள் அதனுடன் மல்லுக்கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“சேர், இது இடப்பக்க ஸ்டியரிங் காருக்குச் செய்த சாமான். ஒரு குழாய் எங்கடை ஸ்டியரிங் தண்டிலை முட்டுது. வேணுமெண்டா பூட்டலாம். ஆனா கார் நேராத்தான் போகும்.”

வவுனியாவுக்குப் போகும் ஏ-ஒன்பது வீதி ஏறக்குறைய நேரானதுதான் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு பார்சலோடு வந்த உத்தரவாத அட்டையை எடுத்தேன். துருப்பிடித்தால் பொறுப்பு, வெடித்தால் பொறுப்பு, நிறம் மாறினாலும் பொறுப்பு. பொருந்தாவிட்டால் என்ன என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

“பழசைத் தாங்கோ. பின்னேரம் ஒட்டி, சாம்பலுக்கை போட்டு, நாளைக்குப் பூட்டிவிடுறன்.”

“அது கழிச்சாச்செல்லே.”

“அதுதான் தெரியுமே. எங்கை கிடக்கு?”

“வித்தாச்சு.”

மெக்கானிக் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த விரல்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

வியாழன் நல்ல முகூர்த்தம். ஊரில் இருந்த வான்கள் எல்லாவற்றையும் கலியாண வீட்டுக்காரர் பிடித்துவிட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் கனகராயன்குளம் வருமுன் மனைவிக்குக் குமட்டிச் சத்தி வரும். புதன் காலை நான் சைக்கிளில் கண்டாவளைக்குப் போனேன். இரும்பு லொறி சரக்கேற்றி, மேலே மூடிப் படங்கு கட்டி முடிந்து நின்றது.

வியாபாரி நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் என் கடிதத்தைக் கொண்டுவந்தார். அதை பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

“ஒருத்தருக்கும் குடுக்கப்படாதெண்டு இதில இருக்கே சேர். நான் கையெழுத்து வைச்சிருக்கிறனே.”

“அது நான்தானே எழுதினது!”

“அதாலதான் சேர் பயமா இருக்கு.”

லொறியின் பொனட்டில் வைத்து, முந்திய கடிதத்தின் இரண்டு நிபந்தனைகளையும் தளர்த்தி, இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாசித்து, பிரதி ஒன்றும் கேட்டு வாங்கினார்.

“இப்ப தரலாம். ஆனா சாமான் அடியில கிடக்கு. நாளைக்குக் காலம வவுனியாவில இறக்கேக்கதான் எடுக்கலாம்.”

“நாளைக்குக் காலமை நான் மனிசியை வவுனியாவுக்குக் கொண்டுபோகோணும். அதுக்குத்தானே கேக்கிறன்!”

வியாபாரி என்னைப் பார்த்தார். லொறியைப் பார்த்தார்.

“அம்மாவுக்கும் வவுனியாவோ? சாமானுக்கும் வவுனியாதானே. வந்து ஏத்துறன்.”

வியாழன் விடியமுன் லொறி வந்தது. முன்பக்கத்தில், லொறியை ஓட்டிவந்த வியாபாரிக்குப் பக்கத்தில், ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. மிச்சத்தில் பழைய பற்றறிகள். மனைவியை யன்னலோரம் இருத்தினோம். முன்னுக்கு இருந்து காற்றுப் பட்டால் அவளுக்கு ஒன்றும் செய்யாது. நான் பின்னால், படங்கின்மேல், ஒரு தண்ணீர்ப் பம்புக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே குந்தினேன். சரக்கு லொறியில் ஆள் ஏற்றுவது குற்றம் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஓமந்தையில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். “என்ன ஏத்திக்கொண்டு போறீர்?”

“கழிச்ச சாமான் சேர்” என்றார் வியாபாரி.

பொலிஸ்காரர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். நான் ஓய்வூதிய அட்டையை நீட்டினேன். வெட்கத்தில் நீட்டினேன், அது ஏன் உதவும் என்று நினைத்தேனோ தெரியாது. முன்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது: “தம்பி, எட்டு மணிக்கு எனக்குக் கண் வெட்டுறது. அந்தாளை வேணுமெண்டா இறக்கி வைச்சிருங்கோ, என்னை விடுங்கோ.”

எங்கள் எல்லோரையும் விட்டார். நான் மேலே குந்தியிருந்தது தெரியாதது போலவே திரும்பி நின்றார்.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். மனைவியின் பெயரைக் கூப்பிட்டு உள்ளே கொண்டுபோனார்கள். நான் இரும்புக் கடைக்குப் போய், லொறி இறக்கும் வரை நின்று, என் கையெழுத்து உள்ள மெனிபோல்டைப் பொறுக்கி எடுத்தேன். அதைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

அடுத்த நாள் காலை கட்டு அவிழ்த்தார்கள். மனைவி வெளியே வந்து வாங்கில் என் பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரம் கண்ணைச் சிமிட்டினாள். முதலில் என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். என் மடியைப் பார்த்தாள்.

“இதுவே அது? தாங்கோ.”

வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மெல்லத் திருப்பினாள்.

“இஞ்சை ஒண்டு. இது உங்கடை. இஞ்சை பின்னுக்கு, மயிர் மாதிரி, இன்னொண்டு. இது என்ரை.”

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு இருந்தது.

“ஒண்டை மட்டும் ஒட்டியிருந்தா?” என்றேன்.

“வழியிலை திரும்பக் கத்தியிருக்கும். வீட்டை போய் அறிக்கையைத் திருத்துங்கோ.”

மெக்கானிக் இரண்டையும் ஒட்டி, உமிச் சாம்பலுக்குள் தாட்டு வைத்தார். கார் இப்போது சத்தம் போடுவதில்லை. அறிக்கையில் ‘ஒன்று’ என்பதை வெட்டி ‘இரண்டு’ என்று எழுதினேன். மனைவி கண்ணாடி போடாமலே அதை வாசித்து, வெட்டிய இடத்தில் நான் சுருக்கொப்பம் வைக்கவில்லை என்று சொல்லித் திருப்பித் தந்தாள்.