சேற்றில் ஓடிய கரண்ட்

போன வருஷம் ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், எண்ணூர் கழிமுகத்தில் நடந்தது இது. நான் அங்கே படகு ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. புது ஆட்களிடம் பேசக் கூச்சம்.

அன்று ஓர் ஆராய்ச்சி மாணவி என் படகில் வந்தார். கரையோரக் கறுப்புச் சேற்றில் மெல்லிய கம்பியைச் செருகி, அதோடு சேர்ந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனில் யாரிடமோ, "இந்தச் சேத்துல நல்லாவே கரண்ட் ஓடுது" என்றார்.

எங்கள் ஆற்றுக்குள்ளேயே பெரிய கரண்ட் கோபுரங்கள் நிற்கின்றன. மழையில் கம்பி ஏதாவது அறுந்து விழுந்திருக்குமோ? ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம் என் மனைவியும் இன்னும் சில பெண்களும் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாணவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூச்சம் விடவில்லை. அவர் கம்பியை உருவுவதற்குள் படகைத் திருப்பி, கோலை ஊன்றித் தள்ளினேன். அவர் பயந்து படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

தூரத்திலிருந்தே, கரையேறச் சொல்லிக் கத்தினேன். மனைவி கூடையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னாயா ஆச்சு உனுக்கு? வூட்ல வாயே தொறக்க மாட்ட, இங்க வந்து கூவிகினு கீற" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தியும் நகரவில்லை.

"சேத்துல கரண்ட் ஓடுதாம். இந்த மேடம்தான் சொல்லிச்சு" என்றேன்.

சிரிப்பு நின்றது. ஒருத்தி தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

மாணவி என்னைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, இரண்டு கைகளையும் சேற்றுக்குள் விட்டுக் காட்டினார். சேற்றிலுள்ள இரும்பும் கந்தகமும் துளித்துளியாக மின்சாரத்தை வாங்குமாம், கொடுக்குமாம். டார்ச் செல்லில் இருப்பதைவிடக் குறைவாம், ஆளை ஒன்றும் செய்யாதாம்.

என் மனைவி விடவில்லை. "அப்ப இதுல நின்னா எங்களுக்கு ஒண்ணியும் ஆவாதா?"

"கரண்டால ஆகாதுக்கா" என்றவர் கொஞ்சம் தயங்கினார். "ஆனா இந்தச் சேறு நல்லதுன்னு என்னால சொல்ல முடியாது. இது என்னென்ன விஷத்தைப் பிடிச்சு வச்சிருக்கு, எப்ப வெளிய விடும்னு இந்தக் கரண்டை வச்சுப் பாக்கத்தான் வந்தேன்."

இறால் பிடித்தால்தான் அடுப்பு எரியும். சற்று நேரத்தில் எல்லாரும் மறுபடி குனிந்துவிட்டார்கள்.

இப்போது அந்த மாணவி எப்போது வந்தாலும், கம்பியைச் செருகியதும் அது என்ன சொல்கிறது என்று நானே கேட்டுவிடுகிறேன்; அவர் மீட்டரிலிருந்து நிமிர்ந்து பதில் சொல்லும்வரை, அதே சேற்றில் நிற்கும் மனைவியின் மேலிருந்து என் கண் நகர்வதில்லை.